தண்ணீர் நின்ற இடத்துப் பொட்டு

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. தாளை எடுப்பேன், உச்சியில் "மாரியம்மன் துணை" என்று எழுதுவேன், அப்புறம் மடித்து வைத்துவிடுவேன். ஒரு காரணம், நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மலாக்கா ஆற்றோரத்தில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டைகளை எடை போட்டு அடுக்குவதுதான் என் வேலை. நாடு எப்படி முன்னேற வேண்டும், அதற்குத் திட்டம் எப்படிப் போட வேண்டும் என்றெல்லாம் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு காரணம், இந்த விஷயத்தில் என் வீட்டுக்காரி சிவகாமி வருகிறாள். பெண்டாட்டி செய்ததைப் பத்திரிகைக்கு எழுதுவதா என்று எனக்கே கூச்சம். அவளிடம் பேச்செடுக்கும்போதெல்லாம், "ஊர்ல உள்ளவங்க சிரிக்கவா? சும்மா இருங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் இங்கே சுதந்திர தினம் கொண்டாடினார்கள். இப்போது நாட்டின் பெயரே மாறி மலேசியா என்றாகிவிட்டது. ஆனால் கொண்டாடுவது அன்றைக்கு மலாயா விடுதலை பெற்ற அதே நாளைத்தான். மகன் குமரன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். விடுதலைக்குப் பிறகு உங்கள் பகுதி எப்படி முன்னேறியது என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான். இங்கிலீஷில் வாசித்தான், நடுநடுவே மலாயில் விளக்கினான், நான் முகத்தைச் சுளித்ததும் தமிழுக்கு வந்தான். காஜா பேராங்கில் நடுவே பெரிய திடல் இருக்கிறதே, அது பிள்ளைகள் பந்து விளையாடுவதற்காக அரசாங்கம் கொடுத்தது என்று எழுதியிருந்தான்.

"அது பந்துக்காக இல்லடா" என்றேன்.

"பின்ன எதுக்குப்பா பாடாங்?"

"தண்ணி நிக்கறதுக்கு."

"தண்ணி நிக்கறதுக்கு யாராச்சும் பாடாங் கட்டுவாங்களா? சிகுகிட்ட சொன்னா கிளாசே சிரிக்கும்" என்றான். பாடாங் என்றால் திடல், சிகு என்றால் வாத்தியார்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சிவகாமியின் கை நின்றது. "எழுதுங்க" என்றாள். "இவனே இப்படிச் சொன்னா, நாளைக்கு யாருக்குத் தெரியப் போவுது? என் பேரையும் போட்டுக்குங்க. போங்க."

ஆகவே எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது காஜா பேராங் சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, மேலே தகரம். இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் ரத்தினமும் அவன் மனைவி சரோஜாவும். ரத்தினம் பஸ் கண்டக்டர். குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்நாட்டைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. என்னை "அண்ணே" என்பான், சிவகாமியை "அண்ணி" என்பான். அவன் தும்மினால் எங்கள் வீட்டில் விளக்குச் சுடர் ஆடும்.

எதிர்ச் சந்தில் மலாக்காச் செட்டிமார்கள் இருக்கிறார்கள். ஊரில் உள்ளவர்களுக்கு இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுல்தான்கள் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட நம்மவர்களின் வம்சம். விபூதி பூசுவார்கள், அம்மனுக்கு விரதம் இருப்பார்கள், பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படைப்பார்கள். ஆனால் பேசுவது மலாய். பெண்கள் கைலியும் கெபாயா சட்டையும் போட்டுக்கொண்டு நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பார்கள். நான் வந்த புதிதில் இவர்களைப் பார்த்து, "ஐயோ, தமிழ் போச்சே" என்று பரிதாபப்பட்டேன். இப்போது என் பிள்ளைகளைப் பார்க்கிறபோது, தமிழ் போன பிறகும் சாமி போகாமல் வைத்திருக்கிறார்களே, அந்த வித்தையை இவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தச் சந்தில் மாக் லெட்சுமி என்ற அம்மாள் எங்களுக்கு மிகவும் வேண்டியவர். சிவகாமியை "அடேக்" என்று, அதாவது தங்கச்சி என்று கூப்பிடுவார். அவர் மலாயில் பேச, இவள் தமிழில் பேச, இரண்டு பேரும் மணிக்கணக்கில் சிரிப்பார்கள்.

விடுதலை வந்த மறு வருஷம் ஒரு பேச்சுக் கிளம்பியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டம் போடுகிறார்கள், சாலை, குழாய், வீடு எது வேண்டுமோ எழுதிக் கொடுக்கலாம், கோலாலம்பூரில் பார்த்து உத்தரவு கொடுப்பார்கள் என்று. எங்கள் பின்பக்கம் பெரிய தாழ்நிலம் இருந்தது. மலாய்க்காரர் பாயா என்று சொல்கிற சதுப்பு. கோரைப்புல், கொக்கு, கொசு. அதை மண் போட்டு நிரப்பி, வரிசையாக ஏழைகளுக்கு வீடு கட்டித் தவணையில் கொடுக்கப் போகிறார்கள் என்றார்கள்.

நானும் மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினேன். ஒரு ஜன்னலில் இந்தக் கடிதம் கொண்டுவா என்றார்கள், அடுத்த ஜன்னலில் அந்தக் கடிதத்துக்கு முத்திரை எங்கே என்றார்கள், முத்திரை போடுகிறவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கடைசியில் குமாஸ்தா, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் பெருமையாக, "லீமா எக்கோர், துவான்" என்றேன், ஐந்து பேர் ஐயா என்று சொல்வதாக நினைத்து. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மலாயில் ஆட்டையும் மாட்டையும் எண்ணும்போதுதான் அப்படிச் சொல்ல வேண்டுமாம். "உங்கள் வீட்டில் இருப்பது பிள்ளைகளா, ஆடுகளா?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ரத்தினம், "ரெண்டும் ஒண்ணுதான் துவான், சத்தத்தைக் கேட்டா தெரியும்" என்று மலாயில் எடுத்துக் கொடுத்தான். எங்கள் இரண்டு பேர் பெயரும் பட்டியலில் ஏறியது.

3

புக்கிட் பாரு மேட்டை வெட்டிச் செம்மண் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க லோரி. துணி காயப் போட முடியாது, சோற்றில் மண். யாரும் முகம் சுளிக்கவில்லை. லோரிச் சத்தம் எங்களுக்கு நாயனம் மாதிரி இருந்தது.

சிவகாமி மாறிப்போனாள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வீட்டிலும் அவளுக்கென்று பூஜை அறை இருந்ததில்லை. சாமி படங்கள் அரிசிப் பானைக்கு மேலே பலகையில் இருந்தன. பிள்ளைகள் தாவும்போது முருகன் ஆடுவார். சாயங்காலம் வேலை விட்டு வந்தால் என்னைக் கையோடு அந்தச் செம்மண் மேட்டுக்குக் கூட்டிப்போவாள். "இது கூடம். இது அடுப்படி. ஈசானிய மூலை இந்தப் பக்கந்தானே வருது? இங்க சாமி" என்று குச்சியால் கோடு போடுவாள். எந்த வீடு எங்களுக்கு விழும் என்று தெரியாது. வீடே இன்னும் எழும்பவில்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் புது மண்ணில் தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு வந்தாள். லோரிக்காரச் சீனர் அதைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். அதை இவள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாக் லெட்சுமி மட்டும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. மழை பெய்தால் இந்தத் தண்ணீர் இனி எங்கே போய்ப் படுக்கும் என்று ஒருநாள் கேட்டார். "ஆத்துக்குப் போவும்மா" என்றான் ரத்தினம். "ஆறு நிறைந்திருக்கும்போது?" என்றார். "அப்ப கடலுக்கு." அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார். அவருக்கும் பதில் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கேள்வி மட்டும் தெரிந்தது.

4

தீபாவளி கழிந்த வாரம் மழை பிடித்தது. மலாக்காவில் மழை புதிதல்ல. ஊரில் நாம் மேகத்தைப் பார்த்துக் காத்திருப்போம். இங்கே மேகம் நம்மைக் கேட்காமல் வரும். எல்லா வருஷமும் அந்தப் பாயா ஏரி போல நிரம்பும், இரண்டு நாளில் வடிந்துவிடும். சாலைக்கு ஏறியதில்லை.

அந்த வருஷம் பாதிப் பாயா மண்ணாக இருந்தது. மழை விடாமல் பெய்தது, கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. ஆறு தண்ணீரை வாங்கவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சாக்கடை திரும்பி எங்களைப் பார்த்து ஓடி வந்தது. நான் கிட்டங்கியில் அரிசி மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு நினைவு வந்து, சொல்லிக்கொள்ளாமல் ஓடினேன். சாலையில் இடுப்பு வரை தண்ணீர், செக்கச் செவேலென்று. அது எங்கள் வீடு கட்டப் போட்ட மண்.

வீட்டுக்குள் தொடை அளவு. சிவகாமி பிள்ளைகள் மூன்று பேரையும் கட்டில் மேல் பெட்டி, பெட்டி மேல் பிள்ளை என்று ஏற்றி வைத்திருந்தாள். சின்னவள் மடியில் முருகன் படம். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ரத்தினம், "அண்ணே, எங்க பாய் உங்க பக்கம் வந்துச்சா?" என்று கத்தினான். பாய் மட்டுமல்ல, அவன் வீட்டுக் கோழியும் வந்திருந்தது. அந்த நிலையிலும் நாங்கள் சிரித்தோம். செட்டிமார் சந்தில் உயர்ந்த படி வைத்த வீடுகள். அங்கே கடைசிப் படி வரை. அவர்களுடைய மாரியம்மன் கோயில் முற்றத்தில் தண்ணீர் பலிபீடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மன் புண்ணியம். ஆனால் ஒரு வீட்டிலும் உலர்ந்த அரிசி இல்லை.

5

தண்ணீர் வடிந்த மறுநாள், வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, சிவகாமி பித்தளைத் தட்டில் மஞ்சளும் குங்குமமும் குழைத்து எடுத்து வந்தாள். வாசற்காலில் சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு பக்கமும் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்தாள். சாதாரணமாக மேலே வைக்கிற பொட்டு; இவள் தொடை உயரத்தில் வைக்கிறாளே என்று பார்த்தேன்.

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றாள். இவள் பிறந்தது கொள்ளிடக் கரை. என் பக்கம் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே காய்ந்த மண்; எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனால், அவர்கள் வீட்டில் அதைத் திட்ட மாட்டார்களாம். கங்கை வந்து நின்ற இடம், அதை வெறுமனே விடக்கூடாது என்று பொட்டு வைப்பார்களாம். பிறகு கறையைக் கழுவலாம், பொட்டை அழிக்கக் கூடாது.

சரோஜா பார்த்தாள். "எனக்கும் குடுங்கக்கா" என்று தட்டை வாங்கி அவள் வாசலில் வைத்தாள். மாக் லெட்சுமி படியில் நின்று விசாரித்தார். விஷயம் புரிந்ததும் தன் வீட்டுப் படியில் தண்ணீர் தொட்ட இடத்தில் குனிந்து வைத்தார். அவர் வைத்தால் செட்டிமார் சந்து முழுக்க வைத்த மாதிரி. மூலைக் கடைச் சீனர், சிவப்பு என்றால் நல்லதுதானே, எனக்கும் ஒன்று என்றார். பக்கத்தில் தூண் மேல் வீடு கட்டியிருக்கும் பாக் டின் மலாய்க்காரர். அவருக்குக் குங்குமம் ஆகாது. சிரித்துக்கொண்டே பாராங் கத்தியால் ஏணிக்காலில் ஒரு வெட்டுப் போட்டார். கோயிலில் பலிபீடத்தருகே பூசாரி வைத்தார். ஒரே காலையில் காஜா பேராங் முழுவதும் பொட்டு வைத்துக்கொண்டது. எதற்காக என்று கேட்டிருந்தால் யாரும் பக்தி என்றுதான் சொல்லியிருப்போம். வேறு நினைப்பு எங்களுக்கு இல்லை.

6

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. கோயில் முற்றத்தில் தண்ணீர் வந்தது பற்றிச் செட்டிமார்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். மண் நிரப்பும் காண்டிராக்டரோ, கணுக்கால் அளவுதான் வந்தது, ஊரில் பெரிதுபடுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டாராம். மாவட்ட அதிகாரி வியாழக்கிழமை நேரில் வருகிறார். கணுக்கால்தான் என்றால் வேலை தொடரும். அதற்கு மேல் என்றால் திட்டமே நின்றுபோகலாம்.

புதன்கிழமை சாயங்காலம் ரத்தினம் ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு டின் பெயிண்டும் தூக்கிக்கொண்டு வந்தான். அவனோடு பட்டியலில் பெயர் உள்ள இன்னும் சிலர்.

"அண்ணே, செவுத்துக் கறையெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு மூடியாச்சு. எல்லா வீடும் பளிச்சுனு இருக்கு. வாசக்காலுதான் பாக்கி. ஒரு இழுப்பு இழுத்துட்டா முடிஞ்சுதுலா. துவான் கேட்டா கணுக்கால்னு எல்லாரும் ஒரே வாயா சொல்லணும்."

எனக்கும் வீடு வேண்டும். பொய் சொல்லப் பயமாகவும் இருந்தது.

அவன் டின்னைத் திறந்து பிரஷை நனைத்தான். சிவகாமி வாசற்காலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க தம்பி?"

"பெயிண்ட்டுதான் அண்ணி. சும்மா."

"செவுத்துல எங்க வேணாலும் அடிங்க. பொட்டு மேல அடிக்காதீங்க."

"அண்ணி, அதத்தானே அடிக்கணும்! அது இருந்தா வீடு போச்சு."

"பொட்டை அழிக்கச் சொல்றீங்களா? அவங்க உசுரோட இருக்கறப்பவா?" என்று என்னைக் காட்டினாள்.

ரத்தினம் என்னைப் பார்த்தான். நான் உயிரோடுதான் இருந்தேன். அவன் பிரஷைக் கீழே போட்டுவிட்டான். போட்டவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனான். அங்கே சரோஜாவின் குரல்: "வை கையை, பாப்போம்! தாலி கட்டுனவரே வாசப் பொட்டை அழிக்கறாருன்னு தெருவுல நின்னு கத்துவேன்." அடுத்த வீட்டிலும் அதே கதை. ஆம்பிளைகள் யாருக்கும் தாங்களே கை வைக்கத் துணிவில்லை, பெண்கள் விடவில்லை. கடைசியில் செட்டிமார் சந்துக்குப் போனான். மாக் லெட்சுமி படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மலாயில் சொன்னதை ரத்தினமே பிறகு எனக்குச் சொன்னான்: "முதலில் உன் பெண்டாட்டி நெற்றியில் பெயிண்ட் அடித்துவிட்டு வா. அது நன்றாக இருந்தால் என் வாசலுக்கும் அடிக்கலாம்."

திரும்பி வந்தவன் வாளியை உதைத்தான். "இந்தப் பொம்பளைங்களுக்கு வீடு வேணாமாம், பொட்டு வேணுமாம்! மழை வந்தா பொட்டுக்கு அடியிலதான் குடியிருக்கணும்!" சுண்ணாம்பு அவன் காற்சட்டை முழுக்கத் தெறித்தது.

அவர்கள் போன பிறகு நான் சிவகாமியிடம், "வீடு வேணாமா உனக்கு?" என்று கேட்டேன்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "வேணாம்னு யாரு சொன்னா? நெதம் அதைத்தானே கும்புடறேன். ஈசானிய மூலை வரைக்கும் பாத்து வச்சவ நான்." கொஞ்ச நேரம் திரியைத் தூண்டினாள். "ஆனா அந்த வீட்டுக்குள்ளேயும் தண்ணி வந்தா, அங்கேயும் பொட்டு நான்தானே வைக்கணும்? அப்ப எந்த மேட்டுக்குப் போறது?"

கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம்.

7

அதிகாரி இஞ்சே ஹம்சா என்பவர்; இஞ்சே என்றால் திருவாளர். வெள்ளைக்காரத் துரை போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்த முதல் உள்ளூர்க்காரர். மெலிந்த மனிதர், மண் ஒட்டிய காலணி. அளவுக் கருவியும் முக்காலியும் சுமந்துகொண்டு சர்வேயர் ஒருவர் கூட வந்தார். காண்டிராக்டரும் வந்தார்.

புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்கள் வெயிலில் மின்னின. ஒவ்வொரு வாசலிலும் சிவப்புப் பொட்டு. இஞ்சே ஹம்சா எங்கள் வாசலில் நின்று, "தீபாவளி முடிந்துவிட்டதே, இது என்ன அலங்காரம்?" என்று கேட்டார்.

ரத்தினம் என் விலாவில் முழங்கையால் குத்தினான். சிவகாமி உள்ளே கதவோரம் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. அந்த வாசலில் அவள் வைத்த பொட்டு என் தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முருகா என்றேன். "ஆயர் சம்பாய் சினி, துவான்" என்றேன். தண்ணீர் இதுவரை வந்தது என்று அர்த்தம். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்று பிறகு குமரன் சொன்னான்.

"எல்லா வீட்டிலும் இது அதற்காகத்தானா?"

"எல்லா வீட்டிலும், துவான்."

காண்டிராக்டர் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சர்வேயரைப் பார்த்தார். அவர் முக்காலியை நட்டார். எங்கள் வீட்டுப் பொட்டு, ரத்தினம் வீட்டுப் பொட்டு, மாக் லெட்சுமியின் படி, சீனர் கடை, பாக் டின்னின் ஏணிக்கால், கோயில் பலிபீடம் என்று மத்தியானம் வரை பார்த்தார்கள். ஒரு வீட்டில் பொட்டு முழங்காலுக்கு, ஒரு வீட்டில் இடுப்புக்கு, ஒரு வீட்டில் படிக்கு. எங்கள் கண்ணுக்கு ஒன்றோடொன்று சேராது. ஆனால் சர்வேயர் கருவியிலிருந்து தலையை எடுத்து, "எல்லாம் ஒரே மட்டம், துவான். ஒரே கோடு" என்றார். குனிந்து மறுபடியும் பார்த்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீர் என்றால் மட்டமாகத்தான் நிற்கும், இதில் என்ன அதிசயம் என்று படித்தவர்கள் கேட்பார்கள். நியாயந்தான். ஆனால் செட்டிமார், சீனர், மலாய்க்காரர், நாங்கள் என்று தனித்தனியாக வைத்தது ஒரே கோட்டில் நின்றது என்று கேட்டபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

இஞ்சே ஹம்சா செம்மண் மேட்டில் ஏறி நின்று அந்தக் கோடு எங்கே வருகிறது என்று காட்டச் சொன்னார். சர்வேயர் ஓர் ஆளின் முழங்காலைக் காட்டினார். கட்டப் போகிற வீட்டுக்குள் இந்த அளவு தண்ணீர். காண்டிராக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

அதிகாரி எங்களைக் கோபிக்கவில்லை. "நீங்கள் எல்லோரும் வீடு கேட்டு மனுப் போட்டீர்கள். நான் வீடு எழுதினேன். மழை மனுப் போடவில்லை. அதனால் அதற்கு நான் இடமே எழுதவில்லை" என்றார். அவர் பேராக் ஆற்றோரத்துக்காரராம். அவர் வீட்டிலும் வெள்ளம் வந்த வருஷம் தூணில் கரிக்கோடு போடுவார்களாம். "இது எனக்குத் தெரியும். இந்த நாற்காலிக்கு வந்ததும் மறந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெண்கள் நின்ற பக்கம் திரும்பிக் கையெடுத்து நெஞ்சில் வைத்தார்.

மறுநாள் லோரி வரவில்லை. ரத்தினம் எங்களோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான். தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு தும்மினான்.

8

திட்டம் நின்றுபோகும் என்றுதான் நினைத்தோம். நிற்கவில்லை, மாறிற்று. ஒரு வருஷம் போல ஆனது. வீடு என்ன ஆயிற்று என்று கேட்க ஒருமுறை அலுவலகம் போனேன். சுவரில் எங்கள் பகுதியின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அதில் சிவப்பு மையில் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கோலாலம்பூர் கூட்டத்துக்கு இஞ்சே ஹம்சா அதைத்தான் கொண்டுபோனாராம். குமாஸ்தா, அதே ஆடு கேட்ட குமாஸ்தா, எனக்குச் சொன்னார்: இனி இந்த மாவட்டத்தில் எங்கே வீடு கட்ட எழுதினாலும், சாலை போட எழுதினாலும், பக்கத்திலுள்ள பழைய வீடுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு எழுதிய தாளும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சே கையெழுத்துப் போடுவதில்லை.

நடுவில் கொட்டிய செம்மண்ணை அள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் பள்ளமாக விட்டு ஆற்றுக்கு அகலமான வாய்க்கால் வெட்டினார்கள். அந்தப் பள்ளந்தான் குமரன் பந்துக்கென்று எழுதிய திடல். ஓரத்து மேட்டில், பொட்டுக் கோட்டுக்கு மேலே தரை வருகிற மாதிரி தூண் மேல் வீடுகள். இடம் குறைந்ததால் வீடுகளும் குறைந்தன. குலுக்கிப் போட்டார்கள். ரத்தினத்துக்கு விழுந்தது. எங்களுக்கு விழவில்லை.

சிவகாமி அன்றைக்கும் அரிசிப் பானைக்கு மேலே இருந்த முருகனுக்குத்தான் விளக்கேற்றினாள். மறுநாள் காலை ரத்தினமும் சரோஜாவும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து நின்றார்கள். அவன் தலை நிமிரவில்லை. "அண்ணி, பால் காய்ச்சறோம். நீங்க வந்துதான் அடுப்புப் பத்த வைக்கணும். வாசக்கால்ல பொட்டும் நீங்கதான் வைக்கணும்" என்றான்.

"எவ்வளவு ஒசரத்துல வைக்கட்டும் தம்பி?" என்று இவள் கேட்டாள்.

அவன் சிரித்துவிட்டான். எல்லோரும் சிரித்தோம். அவள் போய் மேலே, எல்லாரும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை. பள்ளம் நிரம்பும், கொக்கு வரும், இரண்டு நாளில் வடியும். புதிய வீடுகளின் படியைக்கூடத் தொட்டதில்லை. எங்கள் வாடகை வீட்டுக்கும் வரவில்லை. இரண்டாவது வரிசை வீடுகள் வரப்போவதாகச் சொல்கிறார்கள். எங்கள் பெயர் இருக்கிறது. கிடைக்கும் என்று நம்புகிறேன். கிடைக்காவிட்டாலும் உலர்ந்த தரையில் படுக்கிறோம்.

ஊரில் உள்ள அன்பர்களே, நம் பக்கமும் இப்போது ஐந்தாண்டுத் திட்டம், அணை, சாலை, புதுக் குடியிருப்பு என்று போடுகிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறேன். மனம் குளிர்கிறது. அதனால்தான் ஒன்று கேட்கிறேன். இந்தச் சம்பவத்தை இங்கே சிலர் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போன ஆடி மாதம் கோயிலுக்கு வந்த ஒருவர், தண்ணீர் வடிந்த அன்று மாரியம்மனே சந்து சந்தாக நடந்து வந்து, தன் விரலால் எல்லா வாசலிலும் பொட்டு வைத்துவிட்டுப் போனாள் என்று எனக்கே கதை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனை நான் நாளும் கும்பிடுகிறவன். அவள் செய்ய மாட்டாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அப்படிக் கேட்டவர்கள், தங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் அம்மன் வந்து அடையாளம் வைப்பாள் என்று காத்திருப்பார்கள். வைத்தது என் வீட்டுக்காரி சிவகாமி, அடுத்தது சரோஜா, அதற்கடுத்தது மாக் லெட்சுமி. கறை காய்வதற்குள் வைத்தார்கள். இதை யாருக்குச் சொன்னாலும், சீனர் கடையையும் பாக் டின்னின் கத்தி வெட்டையும்கூட விடாமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள். ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். கேட்கிற பெண்கள், நம் வீட்டிலும் குங்குமம் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்ளட்டும்.